"புகையே இல்ல சார்": கரண்ட் போன ராத்திரியும் கரி நெருப்பும் (த்ரெட்)

1.
மார்கழி குளிர் ஆரம்பிச்சாச்சு. ஓசூர், மத்திகிரி, தளி, பாகலூர் பக்கம் இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல இருக்கோம், ராத்திரி 15 டிகிரியை ஒட்டி இறங்கிடுது. சென்னை நண்பர்கள் "இதெல்லாம் ஒரு குளிரா"ன்னு சிரிப்பீங்க. வெறும் சிமெண்ட் தரையில பாயை விரிச்சு, ஒரே ஒரு போர்வையோட நாலு நாள் படுத்துப் பாருங்க. இந்தக் குளிர்ல கரண்ட்டும் போயிட்டா வீடுகள்ல என்ன நடக்குதுங்கறதைப் பத்தின நீளமான த்ரெட் இது. ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க.

2.
பாதியில நிறுத்தறவங்களுக்காக முக்கியமானதை இப்பவே சொல்லிடறேன். மூடின ரூமுக்குள்ள கரி நெருப்பு, கணப்பு, பார்பெக்யூ அடுப்பு, ஜெனரேட்டர் எதுவுமே கூடாது. புகை வந்தாலும் சரி, வரலைன்னாலும் சரி. சொல்லப்போனா புகை வராத நெருப்புக்குத்தான் நீங்க அதிகமா பயப்படணும். ஏன்னு கீழ சொல்றேன்.

3.
போன வருஷம் டிசம்பர்ல ஒரு நாள், நைட் டூட்டி முடியற நேரம். (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ஆட்டோவுல மூணு பசங்களை நாலாவது பையன் கூட்டிட்டு வந்தான். எல்லாரும் ஒடிசா, இருபதைத் தாண்டினவங்க, சிப்காட் பக்கம் காண்ட்ராக்ட் வேலை. ஒருத்தன் நடந்து வந்தான், ஒருத்தன் தாங்கிப் பிடிச்சா நடந்தான், மூணாவது பையனைத் தூக்கித்தான் கொண்டு வந்தாங்க. கூட வந்த ஆட்டோ அண்ணன், "ஃபுட் பாய்சன் சார், ராத்திரி தள்ளுவண்டியில முட்டை சாதம் சாப்பிட்டாங்களாம்"னு சொன்னார்.

4.
கேட்டா நம்பற மாதிரிதான் இருக்கு. மூணு பேரும் ஒரே சாப்பாடு சாப்பிட்டிருக்காங்க, மூணு பேருக்கும் வாந்தி, தலைசுத்தல். ஆனா காய்ச்சல் இல்ல, பேதி இல்ல, வயித்து வலியும் இல்ல. எல்லாரும் கையை வச்சுக் காட்டின இடம் தலை. நெத்திப்பொட்டு ரெண்டு பக்கமும் இடிக்குதுன்னாங்க. விரல்ல பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்த்தா 98, 97, 99. மெஷின் கணக்குப்படி மூணு பேரும் நல்லா இருக்காங்க. ஆனா 99 காட்டின பையனுக்குத் தன் பேரைச் சொல்லவே முடியல.

5.
கூட்டிட்டு வந்த நாலாவது பையன்கிட்ட நான் கேட்ட முதல் கேள்வி: "நீ சாப்பிடலையா?" "சாப்பிட்டேன் சார், நாலு பேரும் ஒண்ணாதான் சாப்பிட்டோம். அப்புறம் நான் நைட் ஷிஃப்ட் போயிட்டேன். காலையில வந்து கதவைத் தட்டினா யாருமே எழுந்திருக்கல." அவனுக்கு ஒண்ணுமில்ல. அப்போ கோளாறு முட்டை சாதத்துல இல்ல. அவன் இல்லாத நேரத்துல அந்த ரூம்ல என்னமோ நடந்திருக்கு.

6.
"ராத்திரி ரூம்ல ஏதாவது எரிஞ்சுதா?"ன்னு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தியில கேட்டேன். "நஹி சார்." "நெருப்பு? கரி?" கொஞ்சம் யோசிச்சான். "கோய்லா தா சார். லேகின் துவா நஹி தா." கரி இருந்துச்சு சார், ஆனா புகையே இல்ல.

7.
நடந்தது இதுதான். சாயந்திரம் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி அந்தத் தெரு முழுக்க கரண்ட் இல்ல. கரண்ட் இல்லன்னா ஃபேன் இல்ல, ஃபேன் இல்லன்னா கொசு. கொசுவுக்கு ஜன்னலை மூடினாங்க. குளிருக்குக் கதவிடுக்குல பழைய துணியைச் சொருகினாங்க. வென்டிலேட்டர் ஓட்டையில ஏற்கெனவே அட்டை ஒட்டியிருந்துச்சு. தெருமுனை இஸ்திரி வண்டியில வேலை முடிஞ்சு மீதியிருந்த தணலை ஒரு பழைய இரும்புச் சட்டியில வாங்கிட்டு வந்து நடு ரூம்ல வச்சுக்கிட்டுப் படுத்துட்டாங்க. பத்துக்குப் பத்து ரூம்.

8.
இதுல யாரு தப்புன்னு தேடாதீங்க. குளிருக்குக் கதவைச் சாத்தறது புத்தியுள்ளவன் செய்யற வேலை. புகையற விறகை வெளிய விட்டுட்டு, புகை அடங்கின தணலை மட்டும் உள்ள கொண்டு போறதும் ஜாக்கிரதையான வேலைதான். அந்த வீட்டுக்கார அம்மாவும் பிறகு என்கிட்ட அதையேதான் சொன்னாங்க: "புகை வந்திருந்தா நானே ஓடிப்போய் கதவைத் தட்டியிருப்பேனே சார்." இத்தனை ஜாக்கிரதையும் சேர்ந்துதான் அவங்களைச் சாவு வரைக்கும் கொண்டு போச்சு.

9.
இப்போ கொஞ்சம் கெமிஸ்ட்ரி, பயப்படாதீங்க. எரியறதுன்னா கார்பன் ஆக்ஸிஜனோட சேர்றது. காத்து தாராளமா கிடைச்சா கார்பன் டை ஆக்ஸைடு வரும். காத்து பத்தலன்னா பாதியிலயே நின்னு கார்பன் மோனாக்ஸைடு வரும். கரித் தணலோட உள்பக்கம் எப்பவுமே காத்து பத்தாத இடம். அங்க உருவான கார்பன் டை ஆக்ஸைடும் பழுத்த கரியைத் தொட்டுத் திரும்ப மோனாக்ஸைடா மாறும்.

10.
கங்கு மேல சின்னதா நீல ஜுவாலை ஆடறதைப் பார்த்திருப்பீங்க. அது அந்த மோனாக்ஸைடு மேல வந்து எரியறதுதான். ஜுவாலை அடங்கி, சாம்பல் பூத்து, "ஆஹா, நல்ல தணல்"னு நாம உள்ள தூக்கிட்டுப் போறோமே, அப்போ அந்த வாயு எரியாம அப்படியே ரூமுக்குள்ள வந்துக்கிட்டிருக்கும்.

11.
விறகுப் புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், நீங்களே எழுந்து வெளிய ஓடிடுவீங்க. கரியில அந்தக் கரிக்கற சமாச்சாரமெல்லாம் மூட்டம் போடும்போதே போயிடுச்சு. மோனாக்ஸைடுக்கு நிறமில்ல, வாசனையில்ல, ருசியில்ல. காத்தைவிட எடை துளி குறைவு, அதனால ரூம் முழுக்கப் பரவும். தரையில படுத்தாலும் ஒண்ணுதான், கட்டில்ல படுத்தாலும் ஒண்ணுதான்.

12.
உடம்புக்குள்ள என்ன பண்ணுது? ரத்தத்துல ஆக்ஸிஜனைச் சுமந்துட்டுப் போறது ஹீமோகுளோபின். மோனாக்ஸைடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா அதைப் பிடிச்சுக்கும். பஸ்ல சீட்டெல்லாம் துண்டு போட்டுப் பிடிச்சுட்டா, ஏறவேண்டியவன் கீழயே நிக்கணும் இல்லையா, அது மாதிரி. போதாததுக்கு, ஏற்கெனவே ஏறின ஆக்ஸிஜனையும் சீக்கிரம் இறங்க விடாது. முதல்ல தவிக்கறது மூளையும் இதயமும்.

13.
அப்போ பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஏன் 99 காட்டுச்சு? கொரோனா சமயத்துல எல்லார் வீட்டுலயும் ஒண்ணு வாங்கி வச்சிருக்கோம், அதனால இதைத் தெரிஞ்சுக்கறது நல்லது. அந்த மெஷின் ரெண்டு விதமான ஒளியை விரலுக்குள்ள அனுப்பி, ரத்தம் எவ்வளவு சிவப்பா இருக்குன்னுதான் கணக்குப் போடுது. மோனாக்ஸைடு ஏறின ரத்தமும் நல்ல சிவப்பு. அதுக்கு வித்தியாசம் தெரியாது. இந்த விஷயத்துல அந்த நம்பரை நம்பவே நம்பாதீங்க.

14.
சரி, தலைவலி வருமே, எழுந்துக்க மாட்டாங்களான்னு கேட்பீங்க. முழிச்சிருக்கறவனுக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கால் தளர்ச்சின்னு ஒண்ணொண்ணா தெரியும். தூங்கறவனுக்கு எதுவும் தெரியாது. தூக்கம் அப்படியே மயக்கமா மாறிடும். குடிச்சிருந்தா இன்னும் மோசம். நடுவுல முழிப்பு வந்தாலும் கதவு வரைக்கும் நடக்கத் தெம்பு இருக்காது. நம்ம மூணாவது பையன் கிடந்தது கதவுக்கு ரெண்டு அடி முன்னாடி.

15.
இது எங்கயோ ஒரு தடவை நடக்கற விஷயம் இல்ல. 2024 ஆகஸ்ட்டுல கொடைக்கானல் விடுதி ஒண்ணுல, ராத்திரி பார்பெக்யூ போட்டுட்டு அந்த அடுப்பை உள்ளயே விட்டுத் தூங்கின ரெண்டு இளைஞர்கள் காலையில எழுந்துக்கல. 2025 நவம்பர்ல பெலகாவியில கரி மூட்டிட்டுப் படுத்த மூணு இளைஞர்கள் இறந்தாங்க. அதே மாசம் கான்பூர்ல ஒரு ஆலைக்குள்ள இதே மாதிரி கரி வச்சுத் தூங்கின தொழிலாளிகள் நாலு பேர்.

16.
2020 ஜனவரி, நேபாளத்துல டாமன். கேரளாவுல இருந்து சுற்றுலா போன எட்டு பேர் ஒரே ரூம்ல, கதவு ஜன்னலைத் தாழ்ப்பாள் போட்டுட்டு கேஸ் ஹீட்டர் வச்சுப் படுத்தாங்க. எட்டு பேரும் போயிட்டாங்க, அதுல நாலு பேர் குழந்தைங்க. குளிர் பழகாத நம்ம மாதிரி ஆளுங்க குளிரான ஊருக்குப் போறப்போ இதை ஞாபகம் வச்சுக்கணும். ஊட்டி, ஏற்காடு, மூணாறு எல்லாத்துக்கும் பொருந்தும்.

17.
"படிக்காதவங்க பண்ற வேலை"ன்னு நினைச்சா, 2021 பிப்ரவரி டெக்சாஸைப் பாருங்க. பனிப்புயல்ல லட்சக்கணக்கான வீடுகள்ல கரண்ட் போச்சு. ஜனங்க வீட்டுக்குள்ள பார்பெக்யூ கரி மூட்டினாங்க, ஜெனரேட்டரை ஒட்டியே வச்சாங்க, கராஜுல காரை ஓடவிட்டு அதோட ஹீட்டர்ல உக்காந்தாங்க. 1,400 பேருக்கு மேல மோனாக்ஸைடுக்காக ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க, குறைஞ்சது 11 பேர் இறந்தாங்க. குளிரும் இருட்டும் சேர்ந்தா உலகத்துல எல்லாரும் ஒரே மாதிரிதான் நடந்துக்கறாங்க.

18.
நமக்கும் அப்படி ராத்திரிகள் வருது. 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழை நம்ம மாவட்டத்தைப் புரட்டினது ஞாபகம் இருக்கும், ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர். கம்பம் சாய்ஞ்சு, லைன் அறுந்து, ஈரத்தோட குளிரும் சேர்ந்தா எந்த வீட்டுலயும் முதல்ல தேடறது நெருப்பைத்தான்.

19.
"எங்க பாட்டி காலத்துல கணப்பு இல்லாத வீடே இல்லையே டாக்டர், யாரும் சாகலையே?" நியாயமான கேள்வி. அந்த வீட்டுக்கு நாட்டு ஓடு. ஓட்டுக்கு ஓடு சந்து. சுவருக்கும் கூரைக்கும் நடுவுல குருவி கூடு கட்டற அளவுக்கு இடைவெளி. வாயு தானா மேல போயிடும். இப்போ நாம கட்டறது கான்கிரீட் கூரை, ரப்பர் வச்ச சறுக்கு ஜன்னல், தரையோட ஒட்டின கதவு. பழக்கம் பாட்டியோடது, வீடு பாட்டியோடது இல்ல.

20.
வேலைக்கு வந்திருக்கற பசங்க ஊர்லயும் இதே பழக்கம்தான். பிகார்ல மண் சட்டியில நெருப்பு வைக்கறதுக்கு போர்சின்னு பேரு, வடக்க பல இடத்துல அங்கீட்டி. எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்துல அக்கிஷ்டிகெ. திண்ணையிலயும் முற்றத்துலயும் சுத்தி உக்காந்து கை காய்ச்சின நெருப்பு அது. இங்க வந்து அதையே பூட்டின ரூமுக்குள்ள வைக்கறாங்க.

21.
பிள்ளை பெத்த வீடுகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. தாய்க்கும் குழந்தைக்கும் காத்து படக்கூடாதுன்னு ஜன்னலையெல்லாம் சாத்திட்டு, கட்டிலுக்குக் கீழ தணல் சட்டி வைக்கற வழக்கம் இந்தப் பக்கம் இன்னும் இருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம்மா. சாம்பிராணி போட்டே ஆகணும்னா கதவைத் திறந்து வச்சுப் போட்டுட்டு, அந்தத் தணலை உடனே வெளிய கொண்டு போயிடுங்க. பெரியவங்க கோவிச்சுக்கிட்டா "டாக்டர் சொன்னார்"னு என் மேல பழியைப் போடுங்க. கர்ப்பிணிகளுக்கும் இது ரொம்பவே ஆபத்து. வயித்துல இருக்கற குழந்தையோட ரத்தம் இந்த வாயுவை இன்னும் இறுக்கமா பிடிச்சுக்கும், மெதுவாத்தான் விடும்.

22.
அடுத்து ஜெனரேட்டர். இன்வெர்ட்டர் வேற, ஜெனரேட்டர் வேற. இன்வெர்ட்டர் பேட்டரியில ஓடறது, மோனாக்ஸைடு வராது. பெட்ரோல், டீசல் ஜெனரேட்டர்னா வண்டி இன்ஜின் மாதிரிதான். ஷட்டரைப் பாதி இறக்கிட்டு கடைக்குள்ள ஓட்டறது, மாடிப்படிக்குக் கீழ வைக்கறது, பால்கனியில வைக்கறது எல்லாமே தப்பு. வீட்டுல இருந்து குறைஞ்சது 20 அடி தள்ளி, திறந்த வெளியில, புகைக்குழாய் ஜன்னலைப் பார்க்காம இருக்கணும். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா நடத்தறவங்களும் கவனிங்க.

23.
மூணாவது, பாத்ரூம்ல கேஸ் கீசர். கரண்ட் இல்லன்னாலும் சுடுதண்ணி வரும்னு பெங்களூர் பக்கத்து வாடகை வீடுகள்ல நிறைய மாட்டியிருக்காங்க. 2025 அக்டோபர்ல மைசூர் மாவட்டம் பிரியாபட்டணாவுல குளிக்கப் போன அக்கா தங்கை ரெண்டு பேர் பாத்ரூமுக்குள்ளயே இறந்தாங்க. கேஸ் கீசரை பாத்ரூமுக்கு வெளிய, காத்தோட்டமான இடத்துல மாட்டி, குழாய் வழியா தண்ணியை மட்டும் உள்ள கொண்டு வாங்க. மாத்த முடியலன்னா, பக்கெட்டுல தண்ணி பிடிச்சு, கீசரை அணைச்சு, கதவைக் கொஞ்ச நேரம் திறந்து விட்டுட்டு அப்புறம் குளிங்க.

24.
நான் அடிக்கடி கேட்கற நம்பிக்கைகள்:
"ரூம்ல ஒரு பக்கெட் தண்ணி வச்சா வாயுவை இழுத்துக்கும்." இழுக்காது, அது தண்ணியில கரையவே கரையாதுங்கற அளவுதான்.
"மூக்குல ஈரத்துணி கட்டினா போதும்." புகைத் தூசியை வேணா தடுக்கும், இந்த வாயுவை இல்ல.
"ஒரு ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வச்சிருக்கேன்." ராத்திரி முழுக்க எரியற தணலுக்கு அது பத்தாது.
"கொஞ்சூண்டு கரிதான்." சின்ன ரூமுக்கு அதுவே அதிகம்.

25.
எப்போ சந்தேகப்படணும்? ஒரே ரூம்ல இருந்த ஒருத்தருக்கு மேல தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு. காய்ச்சல் இல்ல. வெளிய வந்தா கொஞ்சம் தேவலை, உள்ள போனா திரும்பவும் வருது. வீட்டு நாயும் பூனையும் சுருண்டு கிடக்குது. இதுல ரெண்டு பொருந்தினாலே எல்லாரும் வெளிய வந்துடுங்க. உடம்பு செர்ரிப்பழம் மாதிரி சிவக்கும்னு புத்தகத்துல இருக்கும். உயிரோட வர்ற நோயாளிகள்கிட்ட அது அபூர்வம், அதுக்காகக் காத்திருக்காதீங்க.

26.
யாராவது உள்ள மயங்கிக் கிடந்தா: தனியா உள்ள போகாதீங்க, ஆளைக் கூப்பிடுங்க. கதவு ஜன்னலை வெளிய இருந்தே திறக்க முடிஞ்சா திறங்க, உடைக்கணும்னா உடைங்க. மூச்சை அடக்கிட்டுப் போய் முதல்ல ஆளை வெளிய இழுங்க, நெருப்புச் சட்டியை அப்புறம் பாத்துக்கலாம். 108க்கு போன் பண்ணுங்க. மூச்சு இல்லன்னா, தெரிஞ்சவங்க சி.பி.ஆர். ஆரம்பிங்க. மோர், எலுமிச்சை, பால் எதையும் வாயில ஊத்தாதீங்க, புரை ஏறும்.

27.
ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நீங்க சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம்: "ரூமுக்குள்ள நெருப்பு இருந்துச்சு டாக்டர்." சீட்டு போடற இடத்துல சொல்லுங்க, சிஸ்டர்கிட்ட சொல்லுங்க, டாக்டர்கிட்ட திரும்பவும் சொல்லுங்க. ரத்தத்துல இந்த வாயுவை அளக்கற மெஷின் எல்லா ஊர்லயும் இருக்காது. நீங்க சொல்ற அந்த ஒரு வாக்கியத்தை வச்சுதான் பெரும்பாலும் கண்டுபிடிக்கறோம்.

28.
மருந்து ஆக்ஸிஜன்தான். சாதாரணக் காத்துல ரத்தத்துல இருக்கற மோனாக்ஸைடு பாதியாகவே நாலு, அஞ்சு மணி நேரம் ஆகும். பை வச்ச மாஸ்க்ல முழு வேகத்துல ஆக்ஸிஜன் கொடுத்தா ஒண்ணு, ஒன்றரை மணி நேரத்துல பாதியாகும். "சார், 99 காட்டுதே, மாஸ்க்கை எடுத்துடலாமா"ன்னு கேக்காதீங்க. நம்பருக்காகக் கொடுக்கல. அழுத்த அறையில வச்சு ஆக்ஸிஜன் கொடுக்கற சிகிச்சையும் இருக்கு, அது எல்லாருக்கும் தேவைப்படாது, எல்லா ஊர்லயும் கிடைக்காது.

29.
நம்ம மூணு பேரும் பிழைச்சாங்க. ரெண்டு பேர் மறுநாளே எழுந்து உக்காந்துட்டாங்க. மூணாவது பையனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், அவனும் ஒரு வாரத்துல நடந்து வீட்டுக்குப் போனான். கதை இங்க முடிஞ்சிருந்தா இந்த த்ரெட்டைப் பாதி நீளத்துல எழுதியிருப்பேன்.

30.
மூணு வாரம் கழிச்சு அதே நாலாவது பையன் அவனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தான். வேலைக்குப் போன இடத்துல மெஷின் முன்னாடி சும்மா நிக்கறானாம். எந்த பட்டனை முதல்ல அழுத்தணும்னு மறந்துடறான். நடை கிழவன் மாதிரி ஆயிடுச்சு. கேட்ட கேள்விக்குச் சிரிக்கறான். குடிச்சிட்டு வர்றான்னு நினைச்சு சூப்பர்வைசர் ரெண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கார்.

31.
இதை ஜனங்க யாரும் சொல்லிக் கேட்டதில்ல, அதனால அழுத்திச் சொல்றேன். மோனாக்ஸைடுல இருந்து பிழைச்சவங்கள்ல சிலருக்கு, எல்லாம் சரியானது மாதிரி இருந்து, சில நாள்லயிருந்து ஆறு வாரத்துக்குள்ள மூளைப் பாதிப்பு திரும்ப வரும். மறதி, குணமாற்றம், நடை தடுமாற்றம், சிறுநீர் கட்டுப்பாடு இல்லாம போறது. பல பேருக்கு மாசக்கணக்குல தேறும், எல்லாருக்கும் முழுசா தேறாது. டிஸ்சார்ஜ் ஆனபிறகும் ரெண்டு மாசம் வீட்டுல ஒருத்தர் கவனிச்சுக்கிட்டே இருக்கணும்.

32.
காண்ட்ராக்டர் அவனை ஊருக்கு ரயில் ஏத்தி விட்டுட்டார். கூடப் போக லீவு கிடைக்காததால, நாலாவது பையன் அவன் சட்டைப் பையில ஊர் பேரையும் அண்ணன் போன் நம்பரையும் எழுதி வச்சு அனுப்பினான். வீட்டுக்கு மாசாமாசம் பணம் அனுப்பிட்டிருந்த பையன். தணல் சட்டி ஓசியில கிடைச்சது. அன்னைக்கு ராத்திரி அவங்களுக்குத் தேவைப்பட்டது ஆளுக்கு இன்னொரு கம்பளிதான்.

33.
அதனால வீட்டு ஓனர்களுக்கும் காண்ட்ராக்டர்களுக்கும்: குளிர் மாசத்துல ரூம் ரூமா போய் ஒரு தடவை பாருங்க. வென்டிலேட்டர்ல அட்டை ஒட்டியிருந்தா எடுத்துட்டு கொசுவலை அடிச்சுக் கொடுங்க. ஆளுக்கு ஒரு நல்ல கம்பளி, தரைக்குத் தடியான பாய் கொடுங்க. ஒரு நாள் உற்பத்தி நஷ்டத்தைவிட அது ரொம்ப மலிவு. ஹாஸ்டல் நடத்தறவங்க பேட்டரியில ஓடற கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வாங்கி மாட்டலாம், ஆன்லைன்ல கிடைக்குது. இஸ்திரி வண்டி அண்ணன்களே, யாராவது தணல் கேட்டா "எங்க வைப்ப"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

34.
குளிருக்கு என்ன பண்றது? ஒரு தடிப் போர்வையைவிட ரெண்டு மெல்லிசு போர்வை நல்லா சூடு காக்கும். தரைக்குக் கீழ அட்டையோ சாக்கோ போட்டு அதுமேல பாய். காலுறை, தலைக்குத் துணி. சுடுதண்ணியை மூடி இறுக்கமான பாட்டில்ல ஊத்தித் துணி சுத்திப் போர்வைக்குள்ள வச்சுக்கலாம். நெருப்பு காயணும்னா வாசல்ல, வெட்டவெளியில காயுங்க. அணைச்சுட்டு, தண்ணி ஊத்திட்டு, வெறும் கையோட உள்ள போங்க.

35.
நம்ம ஊர்ல நாலு பாஷை புழங்குது. அதனால இந்த ஒரு வரியை அப்படியே பக்கத்து ரூம்ல படிச்சுக் காட்டுங்க.
தமிழ்: மூடின ரூமுக்குள்ள தணல் வைக்காதீங்க.
கன்னடம்: முச்சித கோணெயல்லி கெண்ட இடபேடி.
தெலுங்கு: மூசின கதிலோ நிப்புலு பெட்டகண்டி.
இந்தி: பந்த் கம்ரே மே கோய்லா மத் ஜலாயியே.

36.
உச்சரிப்பு முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல, அவங்களுக்குப் புரியும். அவங்க "புகையே இல்லையே"ன்னு பதில் சொல்வாங்க. அதனாலதான் சொல்றேன்னு சொல்லுங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, ஓ.பி. முடிஞ்சதும் பதில் போடறேன்.